பட்டாளத்துக்காரர் ஃபைலும் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளும்

வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்

போன இதழில் ராணுவ ஓய்வூதியம் பற்றிய ஒரு பதிலில், அமெரிக்காவில் சட்டக் கல்லூரிப் பிள்ளைகளே முன்னாள் படைவீரர்களுக்குக் காசு வாங்காமல் மனு எழுதிக் கொடுக்கிறார்கள், அதற்கு அரசாங்கப் பணமும் போகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இப்படிச் சட்டக் கல்லூரியே நடத்துகிற இலவசச் சட்ட உதவி மையத்துக்குத்தான் கிளினிக் என்று பெயர். உசிலம்பட்டியிலிருந்து மேலூர் வரை எல்லோரும் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுவிட்டீர்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும்.

சார், நான் மதுரையில் சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா பட்டாளத்தில் இருந்தவர். அமெரிக்காவில் அந்தக் கிளினிக்குகளுக்கு அரசு எப்படிப் பணம் தருகிறது? நம் கல்லூரியில் அப்படி ஒன்று வர வாய்ப்பு இருக்கிறதா?
மாணவி, திருப்பாலை

ஒரு பழைய சட்டத்திலிருந்து வர வேண்டும்மா. 1864-ல், அவர்கள் ஊர் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, படைவீரரின் ஓய்வூதிய மனுவுக்கு வக்கீல் 10 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று விதி போட்டார்கள். நல்ல எண்ணம்தான். கை கால் போய் வந்தவனுக்குக் கிடைப்பதில் பாதியைப் புரோக்கரும் வக்கீலும் பிடுங்கிவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் விலைவாசி எங்கேயோ போன பிறகும் அந்த 10 டாலர் அப்படியே நின்றது. 1985-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றே சொன்னது. 1988-ல் வந்த புதுச் சட்டத்தில்தான் அது தளர்ந்தது, படைவீரர் மேல்முறையீட்டுக்கென்று தனி நீதிமன்றமும் அதில்தான் பிறந்தது. நூற்றிருபது வருஷம் வக்கீல்கள் எட்டிப் பார்க்காத துறையில் விவரம் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நீயே யோசித்துக்கொள். சட்டக் கல்லூரிகள் அந்த இடத்தில்தான் நுழைந்தன. வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியின் கிளினிக் 2008-ல் வந்தது, வியட்நாமில் இரண்டு காலையும் இழந்த லூயிஸ் புல்லர் என்ற அதிகாரியின் பெயரில். யேல் பல்கலைக்கழகத்தில் 2010-ல். இராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் பையன்கள் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது.

இப்போது பணம். மாணவர்களுக்குச் சம்பளம் கிடையாது, பாடத்துக்கான மதிப்பெண்தான். செலவு முழுக்க, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் படித்துத் திருத்திக் கையெழுத்துப் போடுகிற வக்கீலுக்கு. அடுத்த செலவு மருத்துவர் கருத்து. இந்த நோய் இந்தப் பணியால் வந்ததுதான் என்று காரணத்தோடு எழுதித் தருகிற டாக்டர் சும்மா எழுதித் தர மாட்டார். இந்த இரண்டுக்கும்தான் அரசுப் பணம் தேடி அலைகிறார்கள்.

மத்திய அரசுப் பணம் என்று பார்த்தால், 2021 ஜனவரியில் கையெழுத்தான ஒரு சட்டம், வீடில்லாத அல்லது வீடிழக்கும் நிலையில் இருக்கிற முன்னாள் படைவீரர்களுக்குச் சட்ட உதவி செய்கிற அமைப்புகளுக்கு மானியம் கொடுக்கலாம் என்று அவர்களுடைய படைவீரர் நலத்துறைக்கு அதிகாரம் கொடுத்தது. 2023-ல் முதல் தவணையாக 79 அமைப்புகளுக்கு 1 கோடியே 15 லட்சம் டாலர் போனது. ஓர் அமைப்புக்கு அதிகபட்சம் 1.5 லட்சம் டாலர். கேட்கப் பெரிதாக இருக்கும், அந்த ஊர்ச் சம்பளத்துக்கு ஒரு வக்கீல், ஓர் உதவியாளர், அதோடு முடிந்தது. சட்டக் கல்லூரிக்கென்று தனியாக எடுத்து வைத்த பணமும் இல்லை. சாதாரண சட்ட உதவிச் சங்கங்களோடு ஒரே வரிசையில் நின்று விண்ணப்பிக்க வேண்டும். வாடகை வீட்டிலிருந்து காலி செய்யச் சொல்வது, பிள்ளைகளுக்குக் கட்ட வேண்டிய ஜீவனாம்ச பாக்கி, ரத்தான டிரைவிங் லைசென்ஸ், கெட்ட பெயரோடு வந்த டிஸ்சார்ஜைத் திருத்துவது, இப்படிப்பட்ட வழக்குகள்தான் அதில் நடக்கின்றன.

மாநிலங்கள் தனியாகவும் தருகின்றன. டெக்சாஸில் ஒரு சுரண்டல் லாட்டரிச் சீட்டு விற்கிறார்கள், அதன் லாபம் நேராகப் படைவீரர் உதவி நிதிக்குப் போகிறது, அந்த நிதியிலிருந்து சட்ட உதவிக்கும் மானியம் உண்டு. 2003-லேயே லாட்டரியை ஒழித்த நம் மாநிலத்தில் உட்கார்ந்து இதைப் படித்தால் கொஞ்சம் சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. அரசாங்கத்துக்கு எதிராக வழக்காடி ஜெயித்து, அரசுத் தரப்பு நிலையில் நியாயமே இல்லை என்று நீதிமன்றம் கருதினால், ஜெயித்தவரின் வக்கீல் கட்டணத்தை அரசே கட்ட வேண்டும் என்று அங்கே 1980-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. கிளினிக் ஜெயித்தால் அந்தப் பணம் கிளினிக்குக்கு. தவறாக மறுத்த இலாகாவே, மறுக்கப்பட்டவரின் வக்கீலுக்குச் சம்பளம் கொடுக்கிறது. இதை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் மறுப்புக் கடிதங்கள் கொஞ்சம் யோசித்து எழுதப்படும்.

நம் ஊருக்கு வருவோம். சட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தில் 4-ம் பிரிவை எடுத்துப் பார். ஆங்கிலப் பிரதியில் ‘கே’ உட்பிரிவு. பல்கலைக்கழகங்களிலும் சட்டக் கல்லூரிகளிலும் கிளினிக் அமைக்க வழிகாட்ட வேண்டியது, மேற்பார்வை செய்ய வேண்டியது தேசிய ஆணைக்குழுவின் வேலை என்று எழுதியே இருக்கிறது. பணப் பெட்டியும் இருக்கிறது: தேசிய, மாநில, மாவட்டச் சட்ட உதவி நிதிகள், 15, 16, 17-ம் பிரிவுகளில். 2011-ல் கிளினிக்குகளுக்கென்று தனி விதிமுறை வந்தது. மத்திய சட்ட அமைச்சகத்தின் திஷா திட்டத்துக்கு 2021 முதல் 2026 வரை 250 கோடி ஒதுக்கினார்கள், அதன் ஒரு பகுதியாகச் சட்டக் கல்லூரிகளில் இலவசச் சட்டப்பணி மன்றங்கள் நடக்கின்றன. போதாததற்கு 2025 ஜூலை 26, கார்கில் வெற்றி நாள் அன்று, நால்சா, அதாவது அந்தத் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, ‘வீர் பரிவார் சகாயதா’ என்ற திட்டத்தை ஸ்ரீநகரில் தொடங்கி வைத்தது. மாநில, மாவட்டப் படைவீரர் வாரியங்களில் சட்ட உதவி கிளினிக் வைப்பதுதான் அதன் மையம்.

அப்புறம் என்னதான் குறை? ஆள்தான் குறை. கிளினிக் என்றால் நம் ஊரில் ஒரு அறை, ஒரு போர்டு, குத்துவிளக்கு, நீதிபதி வந்து ரிப்பன் வெட்டுகிற போட்டோ. மறுநாள் அந்த அறையில் யார் உட்காருவார்? ஆணைக்குழு அனுப்புகிற வக்கீல் முறை வைத்து வருவார். இந்த வாரம் வந்தவர் அடுத்த முறை வரும்போது ஃபைல் வேறு யார் கையிலோ இருக்கும். சொத்து வழக்கும் விவாகரத்தும் நன்றாகத் தெரிந்த பலருக்கு ராணுவ மருத்துவ வாரியத்தின் தாளைப் படிக்கத் தெரியாது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, யார் சொல்லிக் கொடுத்தார்கள்? உங்கள் கல்லூரியில் பேராசிரியர் முழுநேரச் சம்பளம் வாங்குகிறவர், அவர் நீதிமன்றத்தில் ஆஜராக முடியாது. ஆக, மாணவர் இருக்கிறார், கட்சிக்காரர் இருக்கிறார், நடுவில் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட ஒருவர் இல்லை.

அதனால் பிரின்சிபாலிடமோ ஆணைக்குழுச் செயலரிடமோ போகும்போது ‘படைவீரர் கிளினிக் வேண்டும்’ என்று கேட்காதே, உடனே தருவார்கள், போர்டோடு. ‘ராணுவ ஓய்வூதியம் தெரிந்த ஒரு வக்கீல், வாரம் இரண்டு நாள், குறைந்தது இரண்டு வருஷம், ஆணைக்குழு நிதியிலிருந்து சம்பளம்’ என்று எழுத்தில் கேள். மருத்துவர் கருத்துக்கு ஒரு சின்னத் தொகையும் சேர்த்துக் கேள். அதுவரை நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. வக்கீலாகப் பதிவு செய்யும்வரை சட்ட மாணவர்கள் சட்டத் தன்னார்வலராகச் சேரலாம் என்று நால்சா திட்டத்திலேயே இருக்கிறது.

இருபது வயசுப் பிள்ளைகளிடம் என் ஃபைலைக் கொடுப்பதா? இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் ஐயா அது. தொலைத்துவிட்டால்?
ஓய்வுபெற்ற சுபேதார், உசிலம்பட்டி

ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள் சார், என்னிடம் உட்பட. ஜெராக்ஸ் போதும்.

நீங்கள் பயப்படுகிறபடி மாணவர் போய் நின்று வாதாடப் போவதில்லை. 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு பெறாதவர் நீதிமன்றத்தில் தொழில் செய்ய முடியாது. படைவீரர் வழக்குகளை விசாரிக்கிற ராணுவப் படைத் தீர்ப்பாயத்துக்கான சட்டத்தின் 23-ம் பிரிவும் ‘நீங்களே ஆஜராகலாம், அல்லது வக்கீலை வைத்துக்கொள்ளலாம்’ என்றுதான் சொல்கிறது. அமெரிக்காவிலும் வக்கீலின் மேற்பார்வையில், படைவீரரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடுதான் மாணவர் ஃபைலைத் தொடலாம்.

மாணவரின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நேரம். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்: டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணை, மடிப்பில் கிழிந்து செலோடேப் போட்ட பழைய கடிதங்கள், ரெக்கார்ட் ஆபீஸ் (படைவீரரின் பணி ஆவணங்களை வைத்திருக்கிற அலுவலகம்) முத்திரை மங்கின நகல், கேன்டீன் கார்டு, இடையில் ஒரு ரெஜிமென்ட் குரூப் போட்டோ. இதைத் தேதிவாரியாக அடுக்கி, எந்தக் கடிதத்துக்கு எந்தப் பதில் வந்தது, எதற்கு வரவேயில்லை என்று ஒரு பக்கத்தில் எழுதவே ஒரு முழு நாள் ஆகும். பத்து கேஸ் வைத்திருக்கிற வக்கீல் அந்த ஒரு நாளை உங்களுக்குக் கொடுக்க மாட்டார், கொடுத்தால் அதற்கு ஃபீஸ் கேட்பார். பிள்ளைகள் கொடுப்பார்கள். இல்லாத தாளுக்கு, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து வாங்கியும் தருவார்கள். நீங்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். பீரங்கிப் படை என்றால் நாசிக். வழக்கின் பாதி அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது.

வீட்டுக்காரர் இறந்து எட்டு மாசமாகிறது. குடும்ப ஓய்வூதியம் வரவில்லை. அவருடைய ஆவணத்தில் என் பெயர் பேச்சி என்றும் ஆதாரில் பேச்சியம்மாள் என்றும் இருப்பதால் பிரச்சினையாம். வக்கீல் வைக்க வசதியில்லை.
ஒரு வாசகி, பேரையூர் பக்கம்

அம்மா, முதலில் ஒரு விஷயம். இலவச சட்ட உதவிக்கு நீங்கள் வருமானச் சான்று காட்ட வேண்டியதே இல்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ம் பிரிவில் பெண்கள் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், உரிமை இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்கும் அப்படித்தான். ‘ராணுவப் பென்ஷன் வாங்குகிற குடும்பம், உங்களுக்குக் கிடைக்காது’ என்று யாராவது சொன்னால் அந்தப் பிரிவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பெயர்ப் பிரச்சினை வழக்குக்குப் போக வேண்டிய விஷயமே இல்லை. கல்யாணம் ஆனதும் யூனிட்டில் போட்ட பார்ட் டூ ஆர்டர் என்கிற பதிவில் உங்கள் பெயர் எப்படி ஏறியதோ அதுதான் அவர்கள் கணக்கில் நீங்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், அவருடைய பி.பி.ஓ. நகல், உங்கள் ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அவர்கள் வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போவதுதான் சரியான பாதை. அவர்கள் இன்னும் எதையாவது கேட்டால் வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். பாதிக் குடும்பங்கள் அலைவது இந்த ஒரு தாள் இல்லாததால்தான். பையனோ பேத்தியோ ஸ்மார்ட்போன் தெரிந்தவர் இருந்தால் ஸ்பர்ஷ் என்கிற ராணுவ ஓய்வூதிய இணையதளத்தில் உங்கள் மனு எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பொது சேவை மையத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

இரண்டு மாதத்தில் அசையவில்லை என்றால் திருமங்கலம், உசிலம்பட்டி மாதிரி பக்கத்தில் நீதிமன்றம் இருக்கிற ஊரில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும், அங்கே மனு கொடுங்கள். போனில் கேட்க 15100.

2012-ல் ஹவில்தாராக ரிட்டயர் ஆனேன். கடைசி மெடிக்கல் போர்டில் பிரஷர் 30 சதவீதம், ஆயுள் முழுக்க என்று போட்டுவிட்டு, பணியால் வந்ததல்ல என்று எழுதிவிட்டார்கள். ஊனமுற்றோர் பென்ஷன் மறுப்பு. அப்போது அப்பீல் போடவில்லை. இனி முடியுமா?
முன்னாள் ஹவில்தார், வாடிப்பட்டி

முடியும். அமெரிக்கக் கிளினிக்குகளில் குவிகிற வழக்கும் கிட்டத்தட்ட இதே ரகம்தான்: நோய் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வார்கள், பணிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பார்கள்.

உங்கள் மெடிக்கல் போர்டு தாளில் காரணம் என்ற கட்டத்தைப் பாருங்கள். அநேகமாக ஒரே வரி இருக்கும்: அமைதிப் பகுதியில் பணியாற்றும்போது தொடங்கியது, எனவே சம்பந்தமில்லை. ஏன் சம்பந்தமில்லை என்று ஒரு வார்த்தை இருக்காது. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்றால், சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனையில் அந்த நோய் குறிக்கப்படவில்லையென்றால், ஆள் நல்ல உடம்போடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், பிறகு வந்தது பணியால் வந்ததாகவே ஊகிக்க வேண்டும், இல்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு அரசுடையது, மருத்துவ வாரியம் காரணம் எழுத வேண்டும். 2023 செப்டம்பர் 21 முதல் விதிகள் மாறிவிட்டன. நீங்கள் அதற்கு முன்பே வெளியே வந்தவர், பழைய விதிதான்.

பணமாகச் சொல்கிறேன். ஊனத்துக்காகத் தனியாகத் தருகிற பங்குக்கு ஊனக்கூறு என்று பெயர், நூறு சதவீத ஊனத்துக்கு அது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் 40,000 என்று வைத்துக்கொண்டால் அது 12,000. உங்கள் 30 சதவீதத்துக்கு மாதம் 3,600. ஆனால் 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில், வயது முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் சதவீதத்தை மேலே ஏற்றிக் கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 20-லிருந்து 50-க்குள் இருந்தால் 50 என்று கொள்வார்கள். அப்போது 6,000. சாதாரண ஓய்வூதியத்துக்கு மேலே, ஆயுள் முழுக்க.

தாமதத்துக்கு ஒரு விலை உண்டு. ஓய்வூதியம் மாதாமாதம் தொடர்கிற உரிமை என்பதால் வழக்கு செத்துப்போகாது, ஆனால் பாக்கித் தொகையை மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் பொதுவாகத் தருவார்கள். 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் வந்த கணக்கு அது. அதனால் இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்காமல் முதல் மேல்முறையீட்டை ரெக்கார்ட் ஆபீஸுக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தாலும் சரி, ஆறு மாதம் பதிலே இல்லையென்றாலும் சரி, சென்னையில் இருக்கிற ராணுவப் படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

இங்கேதான் எனக்கு ஒரு மனக்குறை. தமிழ்நாட்டில் தென் மாவட்டங்களிலும் வேலூர்ப் பக்கமும் படைவீரர் நிறைய இருக்கிறார்கள். தீர்ப்பாயம் சென்னையில். வாடிப்பட்டிக்காரர் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி ராத்திரி முழுக்க உட்கார்ந்து போய், பத்து நிமிஷம் வழக்கு எடுத்து, வாய்தா வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். மாதம் 6,000-க்காக நடத்துகிற வழக்கில் போக்குவரத்தும் சாப்பாடும் ஒரு பெரிய பங்கைத் தின்றுவிடும். மதுரையில் ஒரு கிளினிக்குக்குப் பணம் கொடுப்பதானால் சென்னையில் ஆஜராகிற ஒரு வக்கீலோடு அதை இணைத்துவிட்டால் போதும், மனுவும் தாள்களும் இங்கே தயாராகிவிடும், வாதம் மட்டும் அங்கே.

எனக்கு ஒரு சந்தேகம். ராணுவத்தினருக்குப் பென்ஷன், கேன்டீன், ஆஸ்பத்திரி, வேலையில் இட ஒதுக்கீடு எல்லாம் இருக்கிறது. கொத்தனாருக்கும் கூலி விவசாயிக்கும் இல்லாத தனி வக்கீல் இவர்களுக்கு மட்டும் வரிப்பணத்தில் எதற்கு?
வாசகர், அண்ணா நகர், மதுரை

நியாயமான கேள்வி, கோபப்பட மாட்டேன். கூலி விவசாயிக்கும் நல்ல வக்கீல் வேண்டும்தான், அதில் சண்டையே இல்லை.

ஆனால் நீங்கள் சொன்ன பட்டியல் எல்லோருக்கும் இல்லை. பதினைந்து வருஷம் முடிக்காமல் வெளியே வந்த ஜவானுக்குச் சர்வீஸ் பென்ஷன் கிடையாது. பென்ஷன் இல்லாமல் 65 தாண்டியவர்களுக்கு மத்திய அரசு தருகிற வறுமை உதவித்தொகை மாதம் 4,000-ஆக இருந்து, 2025 நவம்பரிலிருந்துதான் 8,000 ஆனது. அதைக் கொண்டு வாடகை கொடுத்து, மாத்திரை வாங்கி, வக்கீலும் வைப்பதா? இன்னொன்று, எதிர்த்தரப்பு யார் என்று பாருங்கள். கொத்தனாரின் எதிராளி பெரும்பாலும் இன்னொரு தனி மனிதர் அல்லது ஒரு கான்ட்ராக்டர். இவருடைய எதிராளி இந்திய அரசு. அரசுத் தரப்பில் நிற்கிற வக்கீலுக்கு ஏற்கெனவே வரிப்பணத்தில்தான் ஃபீஸ் போகிறது. உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்த விஷயத்தையே மறுபடி மறுபடி மறுத்து, ஒவ்வொரு ஹவில்தாரும் தனித்தனியாக வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று விடுவதும் வரிப்பணச் செலவுதான், யாரும் கணக்கெழுதாத செலவு.

அமெரிக்க ஏற்பாட்டையும் நான் அப்படியே கும்பிடவில்லை. மானியம் தவணைக்குத் தவணை; அடுத்த முறை வராவிட்டால் வக்கீல் போய்விடுவார், ஃபைல்கள் அலமாரியில் நிற்கும். வீர் பரிவார் திட்டத்துக்கும் அந்த ஆபத்து இருக்கிறது.

பென்ஷன் அரியர் வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். முன்பணம் வேண்டாமாம், கிடைப்பதில் 30 சதவீதம் கொடுத்தால் போதுமாம். கையெழுத்துப் போடலாமா?
முன்னாள் நாயக், சோழவந்தான்

வேண்டாம். அவர் வக்கீல் என்றால், வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் என்று ஒப்பந்தம் போடக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. வக்கீல் இல்லையென்றால் அவர் உங்கள் தாளைத் தொடவே வேலை இல்லை. அமெரிக்காவில் பழைய பாக்கியில் 20 சதவீதம் வரை நியாயமான கட்டணம் என்று விதி இருக்கிறது, அதுவும் அரசு அங்கீகாரம் பெற்றவருக்கு மட்டும். வெற்றுப் பேப்பரிலோ வெற்றுக் காசோலையிலோ ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், இன்றைக்கே வங்கிக்குப் போய் அந்தக் காசோலையை நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்பர்ஷ் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். ஓ.டி.பி. யாருக்கும் சொல்லாதீர்கள், உதவ வந்த சட்டக் கல்லூரிப் பிள்ளைக்கும்தான்.

நான் எல்லைப் பாதுகாப்புப் படையில் இருந்தவன். எனக்கும் சென்னைத் தீர்ப்பாயம்தானா?
வாசகர், மேலூர்

இல்லை தம்பி. அந்தத் தீர்ப்பாயம் தரைப்படை, கடற்படை, விமானப்படைக்கு மட்டும். எல்லைப் பாதுகாப்புப் படை, சி.ஆர்.பி.எஃப். எல்லாம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருவதால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். சுபேதாரும் ஹவில்தாரும் ராத்திரி ரயிலில் சென்னைக்குப் போகட்டும். உங்களுக்கு மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஏறினால் ஒத்தக்கடை தாண்டியதும் மதுரைக் கிளை. இலவச வக்கீலுக்கு அந்த வளாகத்திலேயே இருக்கிற உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். நேரில் போகும்போது மறுப்பு ஆணையின் நகலும், அது உங்கள் கைக்கு வந்த தேதி தெரிகிற தபால் உறையும் கொண்டுபோங்கள்.